கழிவுநீரில் பாஸ்பரஸைப் பிடிக்க மலிவுப் பொருள்: லாரி ஏற்றும் முன் செய்ய வேண்டியவை

உங்கள் குடியிருப்பிலோ விடுதியிலோ எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஒழுங்காகத்தான் ஓடுகிறது. வெளியே வரும் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, நாற்றம் இல்லை, பி.ஓ.டி. (கரிம அழுக்கைக் காட்டும் எண்) அளவுக்குள் நிற்கிறது. ஆனாலும் அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் குட்டையில் பாசி பச்சைப் பசேலென்று கட்டுகிறது, ஆகாயத்தாமரை மூடுகிறது. நொய்யல் பாசனக் குளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அழுக்கு போய்விட்டது, உரம் போகவில்லை. அந்த உரத்தில் முக்கியமானது பாஸ்பரஸ்.

படிகாரச் சேறு (குடிநீர் நிலையங்களில் படிகாரம் போட்டுத் தெளியவைக்கும்போது அடியில் சேர்வது), துருப்பிடித்த இரும்புத்தூள், முட்டை ஓடு போன்ற மலிவான பொருள்கள் இந்தப் பாஸ்பரஸைத் தம் மேற்பரப்பில் ஒட்டவைத்துப் பிடித்துக்கொள்ளும். பள்ளிப் பாடத்தில் பரப்புக் கவர்ச்சி என்று படித்தது இதுதான். பொருள் சும்மா கிடைக்கும், ஆனால் அதைக் காய வைக்க, உடைக்க, ஏற்றி இறக்க, தீர்ந்தபின் அப்புறப்படுத்தப் பணம் வேண்டும். கணக்குப் போடாமல் லாரியைக் கூப்பிட்டவர்கள் பாதியில் நிறுத்தியதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆகவே, நாளொன்றுக்கு 10,000 லிட்டர் வெளியேற்றும் ஒரு சிறிய எஸ்.டி.பி.யை மனதில் வைத்து, கணக்கிலிருந்தே தொடங்குகிறோம். உங்கள் அளவு வேறானால் அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்தப் பாஸ்பரஸ், எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள்

ஆய்வகத்தில் "பாஸ்பேட் பார்க்க வேண்டும்" என்று மட்டும் சொன்னால் உபயோகமில்லாத தாள் ஒன்று கைக்கு வரும். இரண்டு எண்களைக் கேளுங்கள்: வடிகட்டிய நீரில் கரைந்திருக்கும் ஆர்த்தோபாஸ்பேட் (தனித்து நிற்கும் எளிய பாஸ்பேட்), செரித்துப் பார்த்த (அமிலத்தில் சூடாக்கி எல்லாச் சேர்மத்தையும் உடைத்து அளந்த) மொத்தப் பாஸ்பரஸ். இந்தப் பொருள்கள் பிடிப்பது ஆர்த்தோபாஸ்பேட்டை மட்டும்தான். லிட்டருக்கு மொத்தம் 6 மி.கி. இருந்து ஆர்த்தோ 3 என்றால், மீதி 3 மிதக்கும் துகளிலோ கரிமச் சேர்மத்திலோ இருக்கிறது. துகளில் இருப்பதற்கு நல்ல மணல் வடிகட்டிதான் மருந்து. எத்தனை டன் படிகாரச் சேறு கொட்டினாலும் அந்த மீதி அசையாது.

அடுத்தது அலகு. சில அறிக்கைகள் பாஸ்பேட்டாக எழுதும், சில பாஸ்பரஸாக எழுதும். 1 மி.கி. பாஸ்பரஸ் என்பது 3.07 மி.கி. பாஸ்பேட்டுக்குச் சமம். அறிக்கையில் பாஸ்பேட் 15 என்று இருந்தால் பாஸ்பரஸ் கிட்டத்தட்ட 4.9. இதைக் கவனிக்காதவர்கள் தேவையைப் போல மூன்று மடங்கு பொருள் வாங்கியிருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு வாங்கி ஏமாந்தவர்களும் உண்டு. இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் எல்லாமே பாஸ்பரஸ் கணக்கு.

மாதிரி எடுக்கும் பாட்டிலைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவாதீர்கள். தூளிலேயே பாஸ்பேட் இருக்கலாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலசி, காய்ச்சி வடித்த நீரில் மூன்று தடவை கழுவுங்கள். கரைந்த பாஸ்பேட்டுக்கான மாதிரியை எடுத்த கையோடு 0.45 மைக்ரான் தாளில் வடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுத்துவிட வேண்டும். கூடவே பி.எச்., காரத்தன்மை, மிதக்கும் திடப்பொருள் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஒரே மாதிரியை நம்பாதீர்கள். விடுதி என்றால் ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் நாள். அன்றைக்கு எண் ஏறும். வாரநாளில் இரண்டு, ஞாயிறு மறுநாள் ஒன்று என்று மூன்று மாதிரியாவது எடுங்கள். வீட்டுக் கழிவுநீர் எஸ்.டி.பி.யைத் தாண்டி வரும்போது லிட்டருக்கு 3 முதல் 8 மி.கி. வரை இருப்பது வழக்கம். அதற்கும் மேலே இருந்தால், சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் கலந்த சலவைத்தூளோ பாத்திரம் கழுவும் தூளோ புழக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். தூளை மாற்றுவதைவிட மலிவான சுத்திகரிப்பு வேறு இல்லை.

எவ்வளவுக்குக் குறைக்க வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த உங்கள் இசைவாணைத் தாளில் இருக்கும். ஆறு, குளம் போன்ற நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கான நாடு தழுவிய பொது வரம்பு, கரைந்த பாஸ்பரஸ் லிட்டருக்கு 5 மி.கி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரலில் கொடுத்த ஆணை, ஏரி குளங்களில் விடும் எஸ்.டி.பி. நீருக்கு மொத்தப் பாஸ்பரஸ் 1 மி.கி. என்று சொன்னது. குளம் பச்சையாகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் 1 மி.கி.யைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. நாளுக்கு எத்தனை கிராம்?

உள்ளே 5, வெளியே 1. லிட்டருக்கு 4 மி.கி. எடுக்க வேண்டும். 10,000 லிட்டருக்கு 40 கிராம் பாஸ்பரஸ்.

நன்றாகத் தயார் செய்த படிகாரச் சேறு, உண்மையான கழிவுநீரில், கிலோவுக்கு 2 கிராம் பாஸ்பரஸ் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது பத்திரம். அப்படியானால் நாளுக்கு 20 கிலோ. மாதம் 600 கிலோ. ஆண்டுக்கு 7.3 டன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இதே 40 கிராமைப் படிகாரக் கரைசலை நேரடியாகச் சொட்டவிட்டு எடுக்க, ஒரு கிராம் பாஸ்பரஸுக்குச் சுமார் 16 கிராம் என்ற கணக்கில், நாளுக்கு 640 கிராம் படிகாரம் போதும். உலர் சேறு நாளுக்குக் கால் கிலோவுக்குள், ஈரத்தோடு பத்து லிட்டர் போல வரும். படிகாரம் கிலோ 25 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 16 ரூபாய். மலிவுப் பொருள் என்று நீங்கள் நினைத்த சேறு, காய வைப்பது, சலிப்பது, லாரி எல்லாம் சேர்ந்து கிலோ 6 ரூபாய் ஆனால் நாளுக்கு 120 ரூபாய், அதாவது ஆயிரம் லிட்டருக்கு 12 ரூபாய். இந்த விலைகள் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பாருங்கள்.

ஆகவே தெளிதொட்டியும், தினமும் வந்து பார்க்கும் ஆளும், சேற்றை எடுக்க வசதியும் இருக்கிற எஸ்.டி.பி.க்குப் படிகாரம் சொட்டவிடுவதே நல்லது என்று தயங்காமல் சொல்வோம். பிடிக்கும் பொருள் பொருந்துகிற இடங்கள் வேறு: தெளிதொட்டி இல்லாத நாணல் படுகைகள், ஆள் போட முடியாத சிறிய பள்ளி விடுதிகள், குளத்துக்கு வரும் வாய்க்காலின் முகப்பு. எல்லாவற்றையும்விட நன்றாகப் பொருந்துவது, படிகாரத்தால் 2 வரை இறக்கிவிட்டு அதிலிருந்து 1-க்குக் கீழே கொண்டுபோகும் கடைசிக் கட்டம். அங்கே நாளுக்கு 10 கிராம் எடுத்தால் போதும், பொருளும் 5 கிலோதான் செலவாகும்.

3. பொருளைத் தேர்ந்தெடுங்கள்

*படிகாரச் சேறு.* காவிரி, பவானி நீரைச் சுத்திகரிக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்ட நிலையங்களில் தெளிதொட்டியின் அடியில் சேர்வது. அதிலுள்ள அலுமினியம் ஹைட்ராக்சைடுதான் பாஸ்பேட்டைப் பிடிக்கிறது. கேட்க வேண்டிய முதல் கேள்வி: படிகாரமோ பி.ஏ.சி.யோ (பாலி அலுமினியம் குளோரைடு) போடுகிறார்களா? எந்த மாதத்துச் சேறு? ஆற்றில் செந்நீர் வரும் மாதங்களில் சேற்றில் களிமண் அதிகம், அலுமினியம் குறைவு. தெளிந்த நீர் ஓடும் மாதத்துச் சேறு எடைக்கு எடை நன்றாகப் பிடிக்கும். ஆண்டுக்கணக்கில் குவிந்து கிடக்கும் பழைய மேட்டிலிருந்து எடுத்தது பிடிப்புக் குறைந்ததாக இருக்கும்.

*வார்ப்பிரும்புத் தூள்.* கோவைப் பட்டறைகளில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். மணலோடு கலந்துவிட்டால் துருப்பிடித்து, அந்தத் துரு பாஸ்பேட்டைப் பிடிக்கும். அமெரிக்காவின் மினசோட்டாவில் மழைநீர் வடிகால்களுக்கு எடையில் 5 விழுக்காடு இரும்புத்தூள் கலந்த மணல் வடிகட்டிகளைப் பல இடங்களில் அமைத்திருக்கிறார்கள். 100 கிலோ மணலுக்கு 5 கிலோ தூள். "நிறையப் போட்டால் நிறையப் பிடிக்கும்" என்று 10, 15 போட்டால் துரு மணலைப் பாறையாக இறுக்கிவிடும், எட்டைத் தாண்டாதீர்கள். இந்த வடிகட்டி விட்டு விட்டு ஓட வேண்டும், இடையில் வடிந்து காற்றுப் பட வேண்டும். குளத்து வாய்க்காலுக்கு இதைத்தான் சொல்வோம், இரவும் பகலும் ஓடும் எஸ்.டி.பி.க்கு அல்ல.

பட்டறையில் தூள் எடுக்கும்போது ஒன்றைப் பாருங்கள். எஃகு கடைந்த சுருளில் கூலண்ட் எண்ணெய் ஒட்டியிருக்கும். எண்ணெய் படிந்த இரும்பு துருப்பிடிக்காது, எண்ணெயும் நீரில் கலக்கும். வார்ப்பிரும்பைப் பெரும்பாலும் எண்ணெய் இல்லாமலே கடைகிறார்கள், அந்தத் தூள்தான் வேண்டும். வெந்நீரில் ஒரு பிடி போட்டுக் கலக்கி, மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். துருப்பிடிக்காத எஃகுத் தூள் கலந்திருந்தால் வீண். நாகம் பூசிய இரும்பு கூடவே கூடாது. காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள், சில துருப்பிடிக்காத எஃகும் காந்தத்தில் ஒட்டும். ஒரு தட்டில் ஈரத்தோடு மூன்று நாள் வைத்து, எல்லாம் செம்பழுப்பாக மாறுகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

*முட்டை ஓடு.* நாமக்கல் பக்கம் இருப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஓட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கால்சியம் கார்பனேட். பச்சை ஓட்டை அரைத்துப் போட்டால் மிகக் குறைவாகத்தான் பிடிக்கும், உள்தோல் அழுகி நாறும். 850 டிகிரிக்கு மேல் சுட்டால் சுண்ணாம்பாகும். 100 கிலோ ஓட்டுக்கு 55 கிலோ போலக் கிடைக்கும். அது நன்றாக வேலை செய்யும், ஆனால் வெளிவரும் நீரின் பி.எச். 11, 12 என்று நிற்கும். வரம்பு 9. அமிலமோ கரியமில வாயுவோ செலுத்தி இறக்கியாக வேண்டும். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர் வேறு. சுண்ணாம்பு பட்டதும் கார்பனேட் படிந்து படுகை கல்லாகும். பக்கத்தில் காளவாயும், பி.எச். பார்க்க ஆளும் இருந்தால் மட்டுமே இதில் இறங்குங்கள்.

*வேண்டாம் என்று சொல்பவை.* காங்கேயம் பக்கம் கிடைக்கும் சிரட்டைக் கரி நிறத்தையும் நாற்றத்தையும் நன்றாக எடுக்கும். பாஸ்பேட்டை அப்படிப் பிடிக்காது. எஸ்.டி.பி.யில் ஏற்கெனவே கார்பன் வடிகட்டி இருக்கிறது, அதுவே பார்த்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பொள்ளாச்சித் தென்னை நார்த்தூளைப் பச்சையாகப் போட்டால் பழுப்புச் சாயம் இறங்கும், பாஸ்பேட் நிற்காது. பாரதியார் பல்கலைக்கழகத்தில் நமசிவாயம் குழுவினர் நார்த்தூளைத் துத்தநாகக் குளோரைடு சேர்த்துக் கரியாக்கிப் பாஸ்பேட்டைப் பிடித்துக் காட்டினார்கள்; அது ஆய்வகத்துக்குரிய பக்குவம், தோட்டத்து அடுப்பில் செய்வதல்ல. எஃகு ஆலைக் கசடில் குரோமியமும், அலுமினிய ஆலையின் சிவப்புச் சேற்றில் கடுமையான காரமும் உலோகங்களும் உண்டு. பாஸ்பரஸை எடுக்கப் போய்க் குளத்தில் குரோமியத்தைக் கலக்காதீர்கள்.

இனி வரும் படிகள் படிகாரச் சேற்றுக்கானவை.

4. கடிதங்களும் அறிக்கைகளும்

சேறு உள்ளாட்சியின் அல்லது குடிநீர் வடிகால் வாரியத்தின் சொத்து. அங்கே வேலை பார்ப்பவர் "எடுத்துக்கங்க" என்று சொன்னால் போதாது. செயற்பொறியாளருக்கோ ஆணையருக்கோ கடிதம் எழுதி, எத்தனை டன், எதற்கு, எந்தத் தேதிக்குள் என்று குறிப்பிட்டு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதன் நகல் இல்லாமல் லாரியை வழியில் நிறுத்தினால் காட்ட ஒன்றும் இருக்காது.

எஸ்.டி.பி.யில் புதிதாக ஒரு கட்டம் சேர்ப்பது இசைவாணையில் சொன்ன அமைப்பை மாற்றுவதுதான். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு முன்கூட்டித் தெரிவியுங்கள். கோப்பில் வைக்க வேண்டியவை: மூன்று நீர் மாதிரி அறிக்கைகள், சேற்றின் உலோக அறிக்கை, ஒரு பக்க ஓட்டப் படம், தொட்டிகளின் அளவு, தீர்ந்த பொருள் எங்கே போகும் என்ற ஒப்புதல் கடிதம். கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள். அறிக்கைகளை என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் எடுங்கள். அங்கீகாரப் பட்டியலில் பாஸ்பரஸும் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள்.

5. காய வைத்தல், உடைத்தல், சலித்தல், கழுவுதல்

தெளிதொட்டியிலிருந்து எடுத்து வடிந்த சேற்றில்கூட 15 முதல் 20 விழுக்காடுதான் திடப்பொருள். ஒரு டன் ஏற்றினால் 150, 200 கிலோ கிடைக்கும். மீதிக்கு நீங்கள் லாரி வாடகை கொடுப்பது தண்ணீருக்கு. முடிந்தால் அந்த நிலையத்து உலர்படுகையிலேயே காய்ந்து வெடித்த பிறகு எடுங்கள். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் குறைவது இந்த ஒரு முடிவில்தான்.

காய வைக்கக் காலம் மாசி முதல் சித்திரை. மூன்று, நான்கு சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, நாளுக்கு ஒரு தடவை புரட்டினால் ஒரு வாரத்தில் உடைக்கிற பதம் வந்துவிடும். ஆடிக் காற்றில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் காய வைக்காதீர்கள். தூள் பக்கத்துத் தோட்டம் வரை பறக்கும். ஐப்பசி மழையில் நனைந்தால் திரும்பவும் முதலிலிருந்து. அடுப்பில் வறுத்தோ உலையில் சுட்டோ அவசரப்படுத்தவும் வேண்டாம், சூடேறினால் அலுமினியம் ஹைட்ராக்சைடு இறுகிப் பிடிப்புக் குறையும்.

கொப்பரைக் களத்தையோ மக்காச்சோளக் களத்தையோ இதற்கு வாடகைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். நாளைக்கு அதே தரையில் உணவுப் பொருள் காயும். தார்ப்பாய் விரித்துத் தனி இடத்தில் காய வையுங்கள்.

நன்றாகக் காய்ந்த சேற்றுக்கட்டி திரும்ப நீரில் கரையாது. ஒரு கட்டியை டம்ளர் நீரில் ஒரு நாள் போட்டு வையுங்கள். குழைந்துபோனால் இன்னும் காயவில்லை. மரச்சம்மட்டியால் உடைத்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, விழுந்ததை 0.5 மில்லிமீட்டரில் சலித்து, மேலே நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பொடி அதிகம் பிடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் தொட்டியில் போட்டால் இரண்டே நாளில் அடைக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு சலியுங்கள். பிறகு கழுவும் நீர் தெளியும்வரை கழுவுங்கள்.

6. பாட்டில் சோதனை: மூன்று நாள்

ஆறு பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் எஸ்.டி.பி. நீர் ஒரு லிட்டர். ஒன்றில் எதுவும் போடாதீர்கள், மற்றவற்றில் 0.5, 1, 2, 4, 8 கிராம். 24 மணி நேரம் அவ்வப்போது குலுக்கி, வடித்து, பாஸ்பரஸும் பி.எச்.சும் பாருங்கள். 2 கிராம் போட்ட பாட்டிலில் 5 மி.கி. 1 ஆகக் குறைந்திருந்தால், கிராமுக்கு 2 மி.கி., அதாவது கிலோவுக்கு 2 கிராம்.

ஆய்வக நீரில் பாஸ்பேட் உப்பைக் கரைத்து 50, 100 மி.கி. செறிவில் இந்தச் சோதனையைச் செய்தால் கிலோவுக்கு 20 கிராம் என்றுகூடக் காட்டும். விற்பவர்கள் காட்டும் எண் பெரும்பாலும் அதுதான். செறிவு கூடினால் பிடிப்பும் கூடும். உங்களுக்குத் தேவை லிட்டருக்கு 1 மி.கி. மிஞ்சும் நிலையில் எவ்வளவு பிடிக்கிறது என்பது. பி.எச்.சும் அப்படியே. இந்தப் பொருள் 5, 6-இல் நன்றாகப் பிடிக்கும். ஆழ்துளை நீர் புழங்கும் எஸ்.டி.பி.யில் வெளிவரும் நீர் 8-ஐ ஒட்டி நின்று பைகார்பனேட்டும் நிறைய இருந்தால் பிடிப்பு இறங்கும். அதனால்தான் உங்கள் நீரிலேயே செய்யச் சொல்கிறோம். கிலோவுக்கு 1 கிராமுக்குக் கீழே வந்தால் அந்தச் சேற்றை விட்டுவிடுங்கள்.

இன்னொரு பாட்டிலில் காய்ச்சி வடித்த நீர் ஒரு லிட்டர், பொருள் 20 கிராம். ஒரு நாள் கழித்து அலுமினியம், மாங்கனீசு, ஈயம், ஆர்சனிக் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒரு தடவையாவது பாருங்கள்.

7. நான்கு இஞ்ச் குழாய்: ஒரு மாதம்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் பெரிய தொட்டியில் அடிபடுவீர்கள். நான்கு இஞ்ச் பி.வி.சி. குழாய் ஒரு மீட்டர். அடியில் கூழாங்கல், மேலே 70 சென்டிமீட்டர் பொருள். அது ஆறு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கீழிருந்து மேலாக மணிக்கு 3.5 லிட்டர் விடுங்கள். காலிப் படுகைக் கணக்கில் (பொருள் அடைக்கும் இடத்தைக் கழிக்காமல், மொத்தக் கொள்ளளவை ஓட்டத்தால் வகுத்தால்) நீர் 1.7 மணி நேரம் பொருளோடு இருக்கும். மேலிருந்து விட்டால் காற்றுக் குமிழ் தங்கி, நீர் ஓரமாகவே வழி கண்டுபிடித்து ஓடிவிடும்.

நாளுக்கு 84 லிட்டர் நீர் வேண்டும். தொட்டியில் நிரப்பி வைக்கும் நீரைக் கறுப்புத் துணியால் மூடுங்கள், வெளிச்சம் பட்டால் பாசி வளர்ந்து பாஸ்பரஸை அதுவே தின்றுவிடும்; பொருள் பிரமாதமாக வேலை செய்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். இரண்டு நாளுக்கு ஒரு மாதிரி. வெளிவரும் எண் 1-ஐத் தொடும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு வாரம் தாங்கினால் கணக்கு சரி. பத்து நாளிலேயே தொட்டுவிட்டால், நீர் ஓரமாக ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு பொருளைச் சந்தேகியுங்கள்.

8. தொட்டி

1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொன்றிலும் அடியில் 15 சென்டிமீட்டர் கூழாங்கல், நைலான் வலை, அதன்மேல் 700 லிட்டர் பொருள். லிட்டருக்கு 0.8 கிலோ என்றால் 560 கிலோ. அது பிடிக்கும் பாஸ்பரஸ் 1,120 கிராம். நாளுக்கு 40 கிராம் என்றால் 28 நாள். நிரம்பிய தொட்டி ஒரு டன்னுக்கு மேல் எடை; செங்கல் அடுக்கி வைக்க முடியாது, கான்கிரீட் மேடை வேண்டும். தொட்டியின் மேற்பகுதியை முழுவதும் அறுத்துத் திறந்து வையுங்கள். சிறிய வாய் வழியாக ஈரமான பொருளை வாளியில் அள்ளி வெளியே எடுப்பது யாராலும் ஆகாத வேலை. சிலர் 20 கிலோ வலை மூட்டைகளாக அடுக்குகிறார்கள். மாற்றச் சுலபம், ஆனால் மூட்டைகளுக்கு நடுவே நீர் ஓடிவிடும்.

இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள்: நாளுக்கு 10,000 லிட்டர் என்றால் மணிக்கு 417 லிட்டர்; 700 லிட்டர் படுகையில் 1.7 மணி நேரம் கிடைக்கும். ஆனால் உங்கள் வடிகட்டி மோட்டார் ஐந்து மணி நேரம்தான் ஓடுகிறது என்றால் மணிக்கு 2,000 லிட்டர். கிடைப்பது 21 நிமிடம். பொருள் நல்லது, கணக்கு சரி, எண் மட்டும் இறங்காது. மணல் வடிகட்டிக்குப் பிறகு ஒரு இடைத்தொட்டி வைத்து, அங்கிருந்து இரவும் பகலும் மெதுவாக விடுங்கள்.

வால்வுகளை, எந்தத் தொட்டியும் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ ஓடக்கூடியபடி இணையுங்கள். உள்ளே வரும் இடம், இரண்டுக்கும் நடுவில், கடைசி என்று மூன்று மாதிரிக் குழாய்கள்.

9. ஓட்டும்போது

முதல் நாள் வரும் 2,000 லிட்டரைக் குளத்துக்கு விடாமல் எஸ்.டி.பி.யின் தலைக்கே திருப்பிவிடுங்கள். அதன்பின் வாரம் ஒரு தடவை மூன்று இடத்திலும் பாஸ்பரஸ் பாருங்கள். முதல் தொட்டியிலிருந்து வரும் எண் 3-ஐத் தாண்டினால் அதைக் காலி செய்து, இரண்டாவதை முதலாவதாக்கி, புதுப் பொருள் நிரப்பியதைப் பின்னால் வையுங்கள். கடைசிக் குழாயில் எண் ஏறட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

உள்ளே வரும் நீரில் மிதக்கும் திடப்பொருள் 10 மி.கி.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அடியில் வழவழப்பான படலம் கட்டி நீர்மட்டம் உயரும். அப்போது மெல்லப் பின்னோட்டம் கொடுங்கள். வேகமாகக் கொடுத்தால் பொருள் வெளியே போகும். விடுமுறையில் விடுதி மூடும்போது படுகையை முழுவதும் வடித்துவிடுங்கள். நீர் தேங்கிக் காற்றில்லாமல் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்தால், இரும்பு சேர்ந்த பொருள் பிடித்த பாஸ்பரஸைத் திரும்பக் கக்கிவிடும். படிகாரச் சேற்றுக்கு அந்தப் பயம் குறைவு, ஆனால் அடைப்பும் நாற்றமும் அதற்கும் வரும்.

10. தீர்ந்த பொருள்

"பாஸ்பரஸ் நிறைந்த உரம்" என்று விற்க ஆசைப்படாதீர்கள். ஒரு தொட்டிப் பொருளில் இருப்பது 1.1 கிலோ பாஸ்பரஸ். ஐம்பது கிலோ சூப்பர் பாஸ்பேட் மூட்டையில் 3.5 கிலோ இருக்கும். அதாவது 560 கிலோ சுமந்தாலும் மூன்றில் ஒரு மூட்டை உரம், அதுவும் அலுமினியம் இறுகப் பிடித்திருப்பதால் பயிருக்குச் சட்டென்று கிடைக்காது. முட்டை ஓட்டுச் சுண்ணாம்பில் படிந்தது கால்சியம் பாஸ்பேட். அது வால்பாறை, நீலகிரி போன்ற புளிப்பு மண்ணில் மெல்லக் கரையும், நம் சுக்கான்கல் கலந்த கார மண்ணில் அப்படியே கிடக்கும். படிகாரச் சேற்றுக்கு நேர் எதிர்: புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேரைக் கெடுக்கும் என்பதால் அதை மலைக்கு அனுப்பவே கூடாது.

கழிவுநீர் பட்ட பொருள் என்பதால் கிருமி இருக்கும். கையுறை போட்டு எடுத்து, தனி இடத்தில் தார்ப்பாய்மேல் வெயிலில் ஒரு மாதம் காய வையுங்கள். உலோக அறிக்கை சரியாக இருந்தால், செங்கல் சூளை மண்ணில் சிறு பங்காகக் கலக்கவோ, உணவுப் பயிர் அல்லாத மரக்கன்றுக் குழிகளில் போடவோ, வாங்குபவரின் எழுத்து ஒப்புதலோடு கொடுங்கள். எந்தத் தேதியில் எத்தனை கிலோ யாருக்குப் போனது என்று பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி வையுங்கள். இசைவாணையைப் புதுப்பிக்கும்போது அந்தப் பக்கங்களின் நகலும் கோப்பில் இருக்கட்டும்.